அரைநூலார் அகலப்படுத்திய கேமரா

அரைநூலார் தன் மச்சான் வீட்டுக்குள் நுழைந்தபோது கையில் பழமும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை, அளவுநாடாதான் இருந்தது. படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் ‘உடம்பு எப்படி’ என்றாவது கேட்பார்கள். இவர் நேரே அறைக்குள் போனார், நாடாவின் நுனியைச் சுவரில் வைத்து அமுக்கினார், பின்பக்கமாகவே நடந்து எதிர்ச்சுவரில் மண்டையை முட்டிக்கொண்டார்.

“எட்டடி ஒரு அங்குலம்,” என்றார் வெறுப்போடு. அறை தனக்கு வேண்டுமென்றே துரோகம் செய்துவிட்டதுபோல.

“பெட்டி அடிக்க அளவெடுக்கிறதா இருந்தா சுவரை ஏன் மாப்ளே அளக்கிறீங்க? நான் இங்க கட்டில்லல்ல கிடக்கேன்,” என்றார் மச்சான்.

மச்சான் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். அவர் ஹாரன் அடித்தால் எருமைகூட மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒதுங்கும் என்பார்கள். இப்போது இடுப்பு முறிந்து, கால் நுனியில் எடைக்கல் தொங்க, அந்த அறையில் அசையாமல் கிடந்தார். எலும்பு கூடிவிடும், இதயம்தான் அதுவரை காத்திருக்காது என்று டாக்டர் வெளியே வைத்துச் சொல்லியிருந்தார். மச்சானுக்கு ஒரே ஆசை: தானும், இரண்டு தங்கைகளும், எல்லார் பிள்ளைகளும் சேர்ந்து ஒரே படத்தில் இருக்க வேண்டும். மொத்தம் பதினோரு பேர். கட்டிலை நகர்த்தக் கூடாது. அறையோ எட்டடி ஒரு அங்குலம்.

“ஃபோன்லயே அகலமா எடுக்கலாமேப்பா,” என்று அரைநூலாரின் மகள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

அதுதான் முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் அவள் ஃபோனில் அகலமாக எடுத்த படத்தில், ஓரத்தில் நின்ற சின்னத் தங்கையின் கன்னம் தோள்வரை இழுபட்டுப் போயிருந்தது. பெரிய தங்கை, அதாவது அரைநூலாரின் மனைவி, அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் பேசுவதில்லை. இப்போது அண்ணனுக்காக வரச் சம்மதித்த சின்னவள் ஒரே நிபந்தனை போட்டிருந்தாள்: “எவ கையிலயாவது ஃபோனைப் பாத்தேன், அப்படியே திரும்பிடுவேன்.”

“பழைய ஃபிலிம் கேமரால எடுத்துத் தர்றேன். யார் கன்னமும் இழுக்காது,” என்று அரைநூலார் வாக்குக் கொடுத்துவிட்டார். அகலமான லென்ஸ் எதுவானாலும் ஓரத்தை இழுக்கத்தான் செய்யும். சின்னவளை நடுவில் உட்கார வைத்துவிட்டால் தெரியாது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்குப் பட்டறையில் ‘நூல்’ என்று பெயர். லேத் மிஷின் முன்னால் நாற்பது வருஷம் நின்ற நம்மவர், அதில் பாதி தப்பினாலும் வேலையைத் தூக்கிக் குப்பையில் எறிவார். தன் கல்யாணப் படத்தையே சுவரிலிருந்து பதினோரு முறை கழற்றி மாட்டியவர். பெயர் சும்மா வரவில்லை.

கேமராவைப் பழைய சாமான் கடையில்தான் பிடித்தார். திறந்தால் தோல் துருத்தி நீட்டிக்கொண்டு வரும் பழைய மடிப்புக் கேமரா.

“இதை மூணு பேர் வாங்கிட்டுப் போய் மூணு பேரும் திருப்பிக் குடுத்துட்டாங்க சார்,” என்றார் கடைக்காரர். “காசுகூடத் திருப்பிக் கேக்கல.”

“ஓட்டத் தெரியாதவன் வண்டியைத்தான் குறை சொல்வான்,” என்று சொல்லிவிட்டு அரைநூலார் அதை இடுக்கிக்கொண்டு வந்தார்.

அவர் திட்டம் எளிமையானது. துருத்தியைப் பிய்த்து எறிவது. முன்கதவை அறுப்பது. அந்த இடத்தில் அலுமினியத்தில் ஒரு குட்டைக் கூம்பு கடைந்து வைத்து, ஏலத்தில் கிடைத்த நில அளவைக் கேமராவின் அகல லென்ஸைப் பொருத்துவது. அந்த லென்ஸுக்கு ஃபிலிமோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் பார்வை. அதன் முதுகுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டியைப் படுக்க வைக்கலாம், நிறுத்த முடியாது.

பின்மூடியைத் திறந்தவுடனேயே எரிச்சல் ஆரம்பித்தது. ஃபிலிமில் படம் விழுகிற ஜன்னல், உள்ளங்கை அகலம் இருக்க வேண்டியது, தபால்தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. யாரோ ஒரு தகரத்தை வெட்டி ஜன்னலின் மேல் வைத்து, சுற்றிலும் ஈயம் உருக்கி ஊற்றியிருந்தார்கள். ஒரு கேமராவுக்குள் அவ்வளவு ஈயத்தை அவர் பார்த்ததில்லை. ஓட்டைக் கப்பலை அடைக்கப் போதும்.

“எந்த முட்டாள் பய வேலை இது?” என்று திட்டிக்கொண்டே சுரண்டி எடுத்தார். அதற்கு அடியில் இன்னொரு தகடு. அதன் ஓட்டை கொஞ்சம் பெரியது. அதற்கும் அடியில் மூன்றாவது. இன்னும் கொஞ்சம் பெரியது. ஒருவர் குறுக்கியது போதாதென்று அடுத்தவர், அவர் குறுக்கியதும் போதாதென்று அதற்கடுத்தவர்.

மூன்று தகட்டின் ஓட்டை விளிம்பிலும் கீறல் இருந்தது.

கீறல் லென்ஸ் இருந்த உள்பக்கத்தில் இருந்தது.

பிசிறு சீவத் தெரியாத கையென்று முடிவுகட்டி, மூன்றையும் குப்பைக்கூடையில் போட்டார்.

அதன்பின் ஒன்பது நாள் அவர் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் பால் கண்ணாடியை வைத்து, பூதக்கண்ணாடியால் தூரத்துத் தண்ணீர் டாங்கைப் பார்ப்பார். தலைகீழாகத் தெரியும் டாங்கு மங்கலாக இருக்கும். கூம்பைக் கழற்றி ஒரு மயிரிழை சீவுவார். மறுபடி பார்த்தால் வேறு விதமாக மங்கலாக இருக்கும். அவர் போட்ட சத்தத்தில் அந்த டாங்கிலிருந்த தண்ணீரே வற்றிவிட்டதாக மனைவி பக்கத்து வீட்டில் சொன்னாள். பத்தாம் நாள் டாங்கின் ஏணிப்படிகள் ஒவ்வொன்றாக, ஊசி முனைபோல் தெரிந்தன. அரைநூலார் அழாத குறை.

முதல் ரோலை எடுத்தார், கழுவினார், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

எட்டுப் படத்திலும் இடது ஓரத்தில் நான்கு விரல் நுனிகள்.

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏங்க, உங்க கைதாங்க! ஊரையே அளக்கிற மனுஷனுக்குத் தன் விரல் எங்க இருக்குன்னு தெரியல!”

அகல லென்ஸ் மாட்டுகிற எல்லாரும் செய்கிற தப்புதான். அது பக்கவாட்டிலும் பார்க்கும். கேமராவைப் பிடித்திருக்கிற விரலையும் சேர்த்துப் பிடித்துவிடும். அரைநூலார் பல்லைக் கடித்துக்கொண்டு அடியில் ஒரு மரக் கைப்பிடி பொருத்தினார். இரண்டாவது ரோல்.

நான்கு விரல் நுனிகள்.

மூன்றாவது ரோலுக்குக் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, ஷட்டருக்கு நீளமான வயர் கொடுத்து, தான் ஆறடி தள்ளி நின்றார். இடது கை சட்டைப் பைக்குள். மனைவி சாட்சி.

“இப்பச் சொல்லு, யார் விரல்?”

கழுவி எடுத்த ஃபிலிமை மனைவி கையில் வாங்கினாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“கொஞ்சம் உள்ள வந்திருக்குங்க,” என்றாள்.

அரைநூலார் அன்று மத்தியானம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். லென்ஸுக்கு முன்னால் நீட்டுகிற விரல் இவ்வளவு கிட்டத்தில் புகைபோல மங்கித்தான் விழும். இந்த விரல்கள் கத்தியால் வெட்டினாற்போல இருந்தன. படத்தின் கறுப்புச் சட்டம் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு கூர்மை. அவ்வளவு கூர்மையான நிழல் விழ ஒரே வழிதான் உண்டு.

அது ஃபிலிமைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கேமராவுக்குள்.

பின்மூடியைத் திறந்தார். டார்ச் அடித்தார். கூம்பு, லென்ஸின் முதுகு, ஜன்னல். வேறொன்றும் இல்லை. ஈரத்தோல் வாடை மட்டும் அடித்தது. துருத்தியைப் பிய்த்து எறிந்து மூன்று வாரமாகிறது.

பயந்திருக்க வேண்டிய இடம் இது. ஆனால் நாற்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டியவருக்குப் பயத்துக்கு முன்னால் கோபம் வந்து தொலைக்கிறது. ஜன்னல் விளிம்பில் நாலு இடத்தில் பிசிறு நிற்கிறது, அதன் நிழல்தான் என்று முடிவு செய்தார். அரத்தை எடுத்தார். இடது விளிம்பை ஒரு நூல் அகலத்துக்குச் சீவித் தள்ளினார்.

நான்காவது ரோலில் விரல்கள் மேலும் ஒரு கணு உள்ளே வந்திருந்தன.

மறுபடி சீவினார். ஐந்தாவது ரோலில் விரல்களின் அடிவரை தெரிந்தது. எங்கே பிசிறு என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு விரலாக, துண்டு துண்டாக எண்ணினார். தன் விரலைப் பார்த்தார். மூன்று துண்டு. மறுபடி ஃபிலிமில் ஒரே விரலை எண்ணினார்.

நான்கு.

அன்றுதான் அவர் குப்பைக்கூடையைத் தேடி ஓடினார். தகடுகள் இன்னும் கூடையில்தான் இருந்தன. மூன்றாவது தகட்டை எடுத்து ஜன்னலில் வைத்தார். பொருந்தவில்லை. அவர் சீவிய சீவலில், அது உட்கார வேண்டிய விளிம்பே இல்லை. தகடு நேராக உள்ளே விழுந்து, லென்ஸில் தட்டி, டிங்கென்று ஒலித்தது.

வாழ்க்கையில் முதல்தடவையாக அரைநூலார் அளவுக்கு மேல் சீவியிருந்தார்.

அந்த வாரம் மச்சானுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை சின்னத் தங்கை வருவதாகச் செய்தி வந்தது. “படம் ரெடியா மாப்ளே? இல்ல, என்னை ஓவியமா வரையப் போறீங்களா?” என்று மச்சான் ஃபோனில் கேட்டார், பாதியில் இருமல் வந்து வாக்கியத்தைத் தின்றுவிட்டது.

சனிக்கிழமை காலை கடைசியாக ஒரு சோதனை ரோல் ஓட்டினார். நடுவில் சிக்கிக்கொண்டது. வெளிச்சத்தில் திறந்தால் ஃபிலிம் பாழ். கேமராவை வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் வைத்து ஜிப்பைப் போட்டு, பையில் சட்டைக்கைபோல் தைத்த இரண்டு ஓட்டைகளிலும் கையை விட்டார். அடுக்களை மேஜை. பகல் பதினொரு மணி. பக்கத்தில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பைக்குள்ளே விரல்தான் கண். பின்மூடியைத் திறந்தார். ஃபிலிமின் நுனி எங்கேயோ மடங்கி மாட்டியிருந்தது. தடவினார். அகப்படவில்லை. “சனியன்… எங்கடா இருக்க?” என்று முணுமுணுத்தார்.

நுனி அவர் இடது கையில் வந்து சேர்ந்தது.

யாரோ எடுத்துக் கொடுத்ததுபோல.

மெதுவாக.

அவர் அசையவில்லை. பைக்குள் ஒரு கை இடதுகை. ஒரு கை வலதுகை. வலதுகை கேமராவைப் பிடித்திருந்தது.

ஈரமும் குளிருமாக ஒன்று அவர் மணிக்கட்டின்மேல் படுத்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. இறுக்கவில்லை. புது இடத்துக்கு வந்தவர்கள் சுவரைத் தடவிப் பார்ப்பதுபோல மேலே ஏறின.

“என்னங்க, முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?”

“கேமராவை… மூடணும்,” என்றார் அரைநூலார்.

பின்மூடியை அமுக்கினார். நடுவில் மெத்தென்று எதுவோ தடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் அமுக்கினார். தடுத்தது பின்வாங்கியது. மூடி கிளிக் என்று விழுந்தது. கையை உருவிக்கொண்டு, சட்டைக்கையைத் தோள்வரை ஏற்றிப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஈரத் தடம் இருந்தது.

“விட்டுடுங்க. ஃபோன்லயே எடுத்துக்கலாம்,” என்றாள் மனைவி, கத்தியைக் கீழே வைத்துவிட்டு.

“உன் தங்கச்சி ஃபோனைப் பாத்தா கிளம்பிப் போயிடுவா. உங்க அண்ணனுக்கு இன்னொரு ஞாயித்துக்கிழமை இருக்குன்னு நீ எழுதித் தருவியா?”

அவள் கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டாள். அரைநூலாருக்கும் வேறு வழி தெரியவில்லை. இன்னொரு கேமராவை அறுத்துப் பொருத்த ஒரு மாதமாகும். விரல் எப்போதும் இடது ஓரத்தில்தான் விழுகிறது. இடது ஓரத்தில் யாரையும் நிறுத்தாவிட்டால் சரியாகிவிடும். மீதியை வெட்டி எறிந்துவிடலாம். அவர் கணக்கு அவ்வளவுதான். சிக்கிய ரோலைப் பகல் வெளிச்சத்திலேயே உருவி எறிந்துவிட்டுப் புது ரோல் மாட்டினார்.

ஞாயிறு காலை பதினோரு பேரும் அந்த அறைக்குள் அடைந்தார்கள். அக்காவும் தங்கையும் கட்டிலின் இருபுறமும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அத்தான், என் கன்னம் இருக்கிற இடத்துல இருக்குமா?” என்றாள் சின்னவள்.

“அரை நூல் நகர்ந்தா கேமராவைக் கிணத்துல போட்டுடறேன்.”

“அவளை ஓரத்துல நிறுத்துங்க, இளைச்சுக் கிடக்கா,” என்றாள் பெரியவள், சுவரிடம். சின்னவள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் மூக்கால் சிரித்தாள். மூன்று வருஷக் கோபம் அந்த மூக்கு வழியே போயிற்று. இருவரும் அண்ணனின் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“மச்சான், இங்க பாருங்க. லென்ஸைப் பாருங்க.”

“பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”

அவர் லென்ஸைப் பார்க்கவில்லை. கேமராவுக்குச் சற்றுக் கீழே, ஆளில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் புது ஆள் வந்து நின்றால் பார்ப்போமே, அப்படி ஒரு மரியாதையோடு.

அரைநூலார் எட்டுப் படம் எடுத்தார். எட்டாவது கிளிக்கில் ஸ்டாண்டு லேசாக ஆடியது. கழற்றும்போது கேமரா கனமே இல்லாமல் கையோடு வந்தது.

வீட்டுக்கு வந்து கழுவினார். மனைவி அருகில் நின்றாள். இருவரும் மூச்சுவிடவில்லை.

எட்டுப் படத்திலும் ஒரு விரலும் இல்லை. மூலைக்கு மூலை சுத்தம். பதினோரு முகமும் தெளிவு. சின்னவளின் கன்னம் கன்னத்தின் இடத்தில். அரைநூலார் ஈர ஃபிலிமைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு அடுக்களையைச் சுற்றி ஆடினார். அறுபத்தாறு வயதில் அவர் ஆடிய ஆட்டத்தில் இரண்டு டம்ளர் உடைந்தன. நான்கு நாள் அவர் கால் தரையில் படவில்லை. எரிச்சல் என்ற வார்த்தையே மறந்துபோயிற்று. விரல்கள் எங்கே போயின என்று அவர் யோசிக்கவில்லை. போனால் சரி.

ஐந்தாம் நாள் படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் மாட்டி, மச்சான் வீட்டுக்கு எடுத்துப் போனார். மச்சான் அதை வெகுநேரம் பார்த்தார். கண்ணில் நீர் நின்றது.

“சாதிச்சுட்டீங்க மாப்ளே.” பிறகு குரலைத் தாழ்த்தி, “போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க. முடிஞ்சா,” என்றார்.

அரைநூலார் அறைக்கு வெளியே வந்து கதவைத் தள்ளினார். அது முழுக்கச் சாத்திக்கொள்ளவில்லை. நிலைக்கு முக்கால் அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டது.

“நாலு நாளா இப்படித்தான் தம்பி,” என்று மச்சானின் மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார். “மரம் ஊதிக்கிச்சு போல. கொஞ்சம் சீவி விட்டுடுங்களேன்!”

கீலைப் பார்த்தார், சரி. நிலையைப் பார்த்தார்; நேர். கதவின் மேலும் கீழும் எங்கும் மரத்தில் மரம் உரசவில்லை. தோளால் அமுக்கினார். கதவு மெத்தென்று எதிலோ அமுங்கி, மெத்தென்று திரும்பி வந்தது.

சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற ஆறங்குல ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். இடுக்கில் நுழைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தார். தடையில்லை. தடையில்லை. நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் ஒன்றில் முட்டியது. தாண்டி இறக்கினார். மறுபடி முட்டியது. மறுபடி. மறுபடி.

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

“மச்சான்…” என்று கிசுகிசுத்தார். “உள்ள நீங்க மட்டும்தானே இருக்கீங்க?”

கட்டில் கிரீச்சிட்டது. எடைக்கல் சுவரில் இடித்தது.

“ரொம்ப அழுத்தாதீங்க மாப்ளே,” என்றது மச்சானின் குரல், தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. “வலிக்குதாம்.”

“இழைப்புளி எடுத்துட்டு வரவா தம்பி?” என்று அடுக்களையிலிருந்து கேட்டார் மச்சானின் மனைவி.

அரைநூலார் காலை ஊன்றிக்கொண்டார். ஸ்கேலை இழுத்தார். அது வரவில்லை.

அவர் பிடியிலிருந்து அது ஒவ்வொரு நூலாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.